மின்விசிறிக் காற்று குளிர்விக்காத உடம்பு

வேலூரில் பிள்ளைக்குக் கினிப்பன்றி என்ற சிறு கொறிவிலங்கை வாங்கித் தர நினைப்பவர்கள் கூண்டு என்ன விலை, தீவனம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதற்கு முன் வெப்பத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் நமக்குச் சில்லென்று இருக்கிறது. கினிப்பன்றிக்கு அப்படி இருக்காது. மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை, நகர்த்த மட்டுமே செய்கிறது. நம் தோலில் ஊறும் வியர்வை அந்தக் காற்றில் ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தை நம் உடம்பிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது. கினிப்பன்றியால் அப்படி வியர்த்துத் தணிய முடியாது. நாயைப் போல நாக்கை நீட்டி இளைத்து வெப்பத்தை இறக்கவும் அதற்குச் சரியாக வராது.

அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 38, 39 டிகிரி செல்சியஸ். அறைக் காற்று 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் வெப்பம் உடம்பிலிருந்து காற்றுக்குப் போகாது. காற்றிலிருந்து உடம்புக்குள் வரும். அந்த நேரத்தில் சுழலும் மின்விசிறி அனலை இன்னும் வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் மனிதர்கள் பழக்கிய விலங்கு. வாலே கிடையாது, குட்டைக் கால், சிறிய காது, உருண்டு திரண்ட உடம்பு. மலைக்குளிரில் சூட்டைச் சேமித்து வைப்பதற்குத் தோதான அமைப்பு இது. 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும். 30-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. நம் ஊரில் கத்திரி வெயிலின்போது 40 சர்வ சாதாரணம். பகலெல்லாம் வெயில் குடித்த பாறைக் குன்றுகளும் மொட்டை மாடித் தளமும் இரவிலும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட தாழ்வாரமும் இதற்கு ஆகவே ஆகாது. ஏசி இருந்தால் நல்லது. ஏர்கூலரும் வறண்ட வெயிலில் உதவும். விலங்குக்கு வராத வியர்வையின் வேலையை அங்கே கூலரின் தண்ணீர் செய்கிறது. கூலர் ஓடும்போது ஈரக் காற்று வெளியேற ஜன்னல் மட்டும் திறந்திருக்க வேண்டும். படுத்துக்கொள்ள ஒரு கடப்பைக்கல் துண்டும், துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்றும் வைக்கலாம். விலங்கு துவண்டு கிடந்து, வேகமாக மூச்சு வாங்கி, வாயில் எச்சில் ஒழுகினால் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏசியோ கூலரோ தர முடியாத வீடு என்றால், பிள்ளை எவ்வளவு அழுதாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தது சாப்பாடு. பிள்ளைக்கும் இந்த விலங்குக்கும் ஒரு குறை பொது: இருவர் உடம்பாலும் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாது. நாய், பூனை, மாடு, எலி எல்லாம் தம் கல்லீரலில் குளுக்கோஸிலிருந்து அதைச் செய்துகொள்கின்றன. அந்த வேலையின் கடைசிப் படியை முடிக்கும் நொதி நமக்கும் இல்லை, கினிப்பன்றிக்கும் இல்லை. 1907-இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிஷ் என்ற இருவர் கப்பல் மாலுமிகளின் நோய் ஒன்றை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. எலியை வைத்து அந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஒன்றுமே தெரிய வந்திருக்காது. வைட்டமின் சி-யைக் கண்டறிந்த கதையில் இந்தச் சிறு பிராணிக்குப் பெரிய பங்கு உண்டு. பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய கதை இது.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். கிடைக்காவிட்டால் சில வாரங்களிலேயே மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், நடக்கவே மறுக்கும். மாதக்கணக்கில் கடையில் கிடந்த தீவனப் பாக்கெட்டை நம்ப முடியாது. அதிலுள்ள வைட்டமின் சி நாளாக ஆகச் சிதைந்துவிடும். தண்ணீரில் மருந்தாகக் கலந்தாலும் அதே கதிதான். இதற்கென்று தனி மருந்து தேட வேண்டியதும் இல்லை. நேதாஜி மார்க்கெட்டுக்குப் போனால் குடைமிளகாய், கொத்தமல்லி, கொய்யா எல்லாம் கிடைக்கும். குடைமிளகாயில் சர்க்கரை குறைவு, அதனால் தினமும் ஒரு துண்டு கொடுக்கலாம். கொய்யா எப்போதாவது, சிறு துண்டு. சத்தான கீரையாயிற்றே என்று முருங்கைக்கீரையை அள்ளிப் போடக் கூடாது: உணவில் மிஞ்சும் கால்சியத்தை இந்த விலங்கு சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது, அளவு கூடினால் சிறுநீர்ப்பையில் கல் சேரும். இலவம்பாடி முள்ளுக்கத்தரி நமக்குப் பெருமையாக இருக்கலாம். அந்தச் செடியின் இலை இதற்கு நஞ்சு.

குடைமிளகாய் துணைக்குத்தான். வயிறு நிறைய வேண்டியது புல்லாலேயே. வாயில் 20 பற்கள், கடைவாய்ப் பற்கள் உட்பட அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லிலுள்ள சிலிக்கா என்ற மணல் போன்ற பொருள் உரசி உரசித்தான் அவை தேயும். மென்மையான தீவனமே தின்று வந்தால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கம் சாய்ந்து வளர்ந்து நாக்கின் மேல் மூடிக்கொள்ளும். பசியோடு கிண்ணத்தின் முன் வந்து நின்றும் விழுங்க முடியாமல் தவிக்கும் நிலை அது. உலர்ந்த திமோதிப் புல் விலை அதிகம் என்றால், பிள்ளையார் மாலைக்கு விற்கிற அருகம்புல்லே நல்ல உணவு. எங்கே அறுத்தது, பூச்சிமருந்து அடித்த இடமா என்று கேட்டு வாங்கி, அலசிப் போட வேண்டும்.

மாடு புல்லை முன் வயிற்றிலேயே நொதிக்க வைக்கிறது. கினிப்பன்றிக்கு அந்த வேலை குடலின் பின்பகுதியில், பெருங்குடல்வாய் என்ற பெரிய பையில் நடக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை உடைத்துச் சத்தாக்குகின்றன. ஆனால் சத்தை உறிஞ்சும் சிறுகுடல் அந்தப் பைக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் கினிப்பன்றி தன் மென்மையான எச்சத்தைத் தானே தின்று, இன்னொரு சுற்று செரிக்க வைக்கிறது. இதைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளித்தால் அதட்டாமல் காரணத்தைச் சொல்லுங்கள். இந்தக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து வாயு சேரும். வாந்தி எடுத்து வெளியேற்றவும் அதற்கு முடியாது.

இதே காரணத்தால், வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. பென்சிலின் வகை மருந்துகள் குடலின் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகி, நச்சைச் சுரந்து, சில நாட்களில் விலங்கையே கொன்றுவிடும். மனிதக் குழந்தைக்கு அன்றாட மருந்து, இதற்கு விஷம்.

கடைக்காரர் ஜோடியாகத் தருகிறேன் என்பார். ஒற்றையாக வாங்கக் கூடாது என்பது உண்மையே. இது கூட்டமாக வாழும் இனம்; சுவிட்சர்லாந்தில் 2008 முதல் இதைத் தனியாக வளர்ப்பது சட்டப்படியே கூடாது. ஆனால் வாங்குவது இரண்டும் பெண்ணாக இருக்கட்டும். ஆணும் பெண்ணும் என்றால், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகலாம். ஆறேழு மாதம் தாண்டி முதல் முறை சினையாகும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிப்போய்ப் பிரசவமே உயிருக்கு ஆபத்தாகும்.

ஆயுள் ஐந்து முதல் ஏழு ஆண்டு. மூன்றாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரத்தில்தான் அதற்கு முதுமை வரும். ஆகவே பொறுப்பு அப்பா அம்மாவுடையது, பிள்ளை கூட்டாளி. பிள்ளை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தே அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டு தூக்கும்போது நழுவினால் முதுகெலும்பு முறியலாம். தூக்கியதும் அசையாமல் இருந்தால் பிரியத்தில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம், இரையாகும் விலங்கு பயத்தில் உறைவது அப்படித்தான். தொட்ட பிறகு கை கழுவ வேண்டும், அதனிடமிருந்து படர்தாமரை ஒட்டலாம்.

இரையாகும் விலங்கு நோயையும் மறைக்கும். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து, தேதியோடு நோட்டில் எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு கிலோ இருந்தது 900 கிராம் ஆகிவிட்டால், பார்வைக்கு எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.