மீட்சி உள்ளாணி

"பையன் கால்ல கம்பி வச்சிருக்காங்க." கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எலும்பு வார்டுகளில் பிளேட், திருகு, உள்ளே ஏற்றும் ஆணி எல்லாவற்றுக்கும் நம்மவர் சொல்லும் பெயர் கம்பிதான், மலாயில் பெசி. பிள்ளைகளின் கணைக்கால் முறிவுக்குப் போடும் வளையும் ஆணிக்கு, ஆங்கிலத்தில் 'டீபியல் எலாஸ்டிக் இன்ட்ராமெடுல்லரி நெயில்', இந்தப் பொதுப்பெயர் போதாது.

முதலில் எலும்பு. டீபியா என்ற லத்தீன் சொல் இந்த எலும்பையும் குறிக்கும், ஊதுகுழலையும் குறிக்கும். மலாயில் துலாங் கெரிங். தமிழில் கணைக்கால் உள்ளெலும்பு. கணைக்கால் இரும்பொறை என்ற சேரன் பெயரிலேயே இருக்கும் சொல்லை மறந்து, 'கணுக்கால் எலும்பு' என்று எழுதுகிறோம். கணுக்கால் பாதத்துக்கு மேலுள்ள மூட்டு.

மெடுல்லா என்றால் மச்சை, அதாவது எலும்பு மஜ்ஜை. மாமாக் கடை எலும்புச் சூப்பான சுப் துலாங்கில் உறிஞ்சுகிறோமே, அந்தத் துளைதான் மச்சைக்குழி. ஆணி அதற்குள் போவதால் உள்ளாணி.

சிக்கல் 'எலாஸ்டிக்' என்ற அடைமொழியில். 'நெகிழ்' என்றால் தளர்ந்து கொடுப்பதாகத் தோன்றும். இந்த ஆணியோ வளைத்தால் நிமிரப் பார்க்கும். அந்தத் திமிறல்தான் முறிவைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே மீட்சி என்பதே சரி. பிரான்சின் நான்சி நகரில் வளர்ந்த முறை என்பதால் நான்சி ஆணி என்றும் சொல்வார்கள்.

குழியின் மிகக் குறுகிய இடத்து அகலத்தில் சுமார் 40 விழுக்காடு ஒவ்வோர் ஆணியின் தடிமன். குழி 8 மில்லிமீட்டர் என்றால் 3 மில்லிமீட்டர் ஆணி இரண்டு. முறிவு வரும் இடத்தில் வளைவு உச்சம் விழும்படி, குழி அகலத்தைப்போல் மூன்று மடங்கு முன்கூட்டியே வளைப்பார்கள். முழங்காலுக்குக் கீழே, எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்தகட்டுக்கு 1.5 முதல் 2 சென்டிமீட்டர் தள்ளி, உட்புறமும் வெளிப்புறமும் துளையிட்டு இரண்டையும் கீழ்நோக்கிச் செலுத்துவார்கள். துளையிடும்போது, எலும்பின் முன்பக்கம் புடைத்திருக்கும் மேட்டின் வளர்பகுதி பழுதானால், பிள்ளை வளர வளர முழங்கால் பின்னோக்கி வளையும்.

தடிமன் வேறுபட்ட ஆணிகளைப் போட்டால் இருபக்க விசையும் சமமாகாது, எலும்பு ஒரு பக்கம் சாயும். பக்கத்திலுள்ள மெல்லிய வெளியெலும்பு முறியாமல் இருந்தால் கால் உட்பக்கம் வளையப் பார்க்கும். உள்ளெலும்பின் குறுக்குவெட்டு முக்கோணம். ஆணிகள் பின்பக்கம் ஒதுங்கி, முறிவு பின்னோக்கி வளைந்து சேரவும் கூடும். ஆணிமுனைகளைத் திருப்பி வைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். 50 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இந்த ஆணி தாங்குவது சந்தேகம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாவுக்கட்டே போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தோல் கிழிந்த திறந்த முறிவு, கட்டுக்குள் நிற்காத முறிவு போன்றவற்றுக்குத்தான் ஆணி.

ஆணி போட்ட பிறகு மருந்துக்கும் அடங்காத வலி, கால்விரலை நீட்டினால் வலியில் துடிப்பு என்றால் தசையறைக்குள், அதாவது தசைகளைச் சுற்றிய இறுக்கமான உறைக்குள், அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தோலுக்கடியில் ஆணிமுனை உறுத்துவது சாதாரணம். முறிவு நன்றாகச் சேர்ந்த பின், பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள், ஆணிகளை எடுத்துவிடுவார்கள்.