பொங்கலன்று உங்களுக்கு முதல் பீரியட் இருக்கும்

வெளிநாட்டுக்கு இங்கிலீஷ் டீச்சராகப் போகிறவர்களுக்குச் சென்னையில் பயிற்சி கொடுப்பது என் தொழில். தாய்லாந்து, வியட்நாம், மாலத்தீவு, வளைகுடா என்று போகிறார்கள். பாடம் நடத்துவதில் யாரும் பெரிதாகத் திணறுவதில்லை. சாப்பாடும் மெல்லப் பழகிவிடுகிறது. "மேடம், திரும்பி வந்துடலாம்னு இருக்கேன்" என்கிற போன் மட்டும் பெரும்பாலும் தீபாவளி முடிந்த வாரத்தில் வரும், இல்லையென்றால் பொங்கல் முடிந்த வாரத்தில் வரும். என்ன ஆச்சு என்று கேட்டால் ஹெச்.எம். சரியில்லை, ரூம் சரியில்லை என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால், வீடியோ காலில் அம்மா அழுத கதையில் வந்து நிற்கும்.

அந்த வேகத்தில் ராஜினாமா எழுதிவிடக் கூடாது. தாய்லாந்தில் உங்கள் விசாவும் வொர்க் பெர்மிட்டும் வேலை கொடுத்த பள்ளியோடு பிணைந்தவை. வேலை முடிந்த நாளோடு அங்கே தங்கும் அனுமதியும் முடிந்துவிடும். பாதியில் விட்டால் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் ஷரத்து பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஊருக்கு வந்து இறங்கிய பிறகு அதைப் படித்துப் பிரயோஜனமில்லை.

ஆகவே பண்டிகையைப் பற்றிய பேச்சை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஆரம்பியுங்கள். ஏஜென்டிடம் கேட்டால் "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்பார். பார்க்க மாட்டார். பருவத்தின் நடுவில் தனி விடுப்பு உண்டா, எத்தனை நாள், சம்பளம் பிடிப்பார்களா என்பதைப் பள்ளியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். பிறகு அந்த நாட்டுக் காலண்டரையும் நம் தினசரிக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் அக்டோபரில் ஏறக்குறைய மூன்று வாரம் பருவ விடுமுறை. 2025 தீபாவளி அக்டோபர் 20, விடுமுறைக்குள் விழுந்தது. 2026இல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை; மறுநாளே வகுப்பு. வியட்நாமில் நீண்ட விடுமுறை அவர்களுடைய புத்தாண்டான டெட்டுக்குத்தான். அது ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கு முந்தைய வாரங்களில் விழும் பொங்கலுக்குத் தனியாக லீவ் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள்.

தாய்லாந்துக்குப் போகிறவர்களுக்கு நான் விடாமல் சொல்லும் தேதி ஜனவரி 16. அங்கே அன்று ஆசிரியர் தினம், பெரும்பாலான பள்ளிகள் மூடியிருக்கும். நமக்கு அது மாட்டுப் பொங்கலாகவோ காணும் பொங்கலாகவோ இருக்கும். தை ஒன்றாம் தேதி காலையில் என்ன நடக்கும் தெரியுமா? பெரம்பூரில் மணி ஆறரை, குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே அம்மா வீடியோ கால் போடுகிறார். பாங்காக்கில் அப்போது எட்டு மணி. தேசிய கீதம் ஒலிக்க, கொடிமரத்தின் முன் பிள்ளைகளோடு நீங்கள் விறைத்து நிற்கிறீர்கள், பையில் போன் அதிர்கிறது. எடுக்க முடியாது. எடுக்கவில்லை என்று அங்கே ஒரு வருத்தம், இங்கே ஒரு வருத்தம். பொங்கலைப் 16ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டால் சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெட்டி கட்டும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள். கற்பூரமும் கொப்பரையும் விமானத்தில் தீப்பற்றும் சரக்கு. செக்-இன் பெட்டியிலும் விட மாட்டார்கள். மஞ்சள் கொத்து, செடி, விதை என்று எதையும் கோயம்பேட்டில் வாங்கி மடித்து வைக்காதீர்கள், அந்நாட்டுத் தாவரச் சோதனையில் மாட்டும். துபாய், அபுதாபி பக்கம் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் சேரும் தடைசெய்யப்பட்ட பொருள். சோமாஸ் பூரணத்தில் கசகசா வறுத்துப் போடும் வீடுகள் நிறைய. பாசத்தோடு கட்டிக்கொடுத்த தீபாவளிப் பலகாரம் ஏர்போர்ட்டில் வழக்காகிவிடக் கூடாது. மாலத்தீவுக்குச் செல்பவர்கள் சின்னப் பிள்ளையாரைக்கூடக் கொண்டுபோகக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளுக்கு அங்கே சுங்கத் தடை உண்டு. பிற மத வழிபாட்டைப் பொது இடத்தில் நடத்தவும் அனுமதியில்லை.

சுமக்காமலேயே நிறைய கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வியட்நாமில் டெட்டுக்குச் செய்யும் பான் சுங் என்னும் பலகாரத்தில் பசையரிசியும் பாசிப்பருப்பும்தான் முக்கியம் (பன்றி இறைச்சியும் சேரும், சைவர்கள் கவனிக்க). ஆகவே தோல் நீக்கிய பாசிப்பருப்புக்கு எந்தச் சந்தையிலும் பஞ்சமில்லை. தாய்லாந்தில் வெல்லத்துக்குப் பதில் பனை சர்க்கரை. நெய் கிடைக்காத ஊரில் உப்பில்லாத வெண்ணெயை உருக்கிக்கொள்ளலாம். பசையரிசியை மட்டும் போட்டால் பொங்கல் களியாகிவிடும். சாதா அரிசியே போதும். உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்யும் தாய்லாந்துக்கு இரண்டு கிலோ பச்சரிசி தூக்கிப்போனவரை எனக்குத் தெரியும்! அறையில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் பித்தளைப் பானை சூடாகாது. காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பாத்திரம் பாருங்கள். சாம்பிராணியும் விளக்கும் ஏற்றும் முன், கூரையில் புகை அலாரம் இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

எல்லாம் செய்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் வெறுமை இரண்டு மடங்காகும். பண்டிகையை வகுப்பறைக்குள் கொண்டுபோங்கள் என்பது என் கட்சி. அதற்காக நாற்பது ஸ்லைடில் பொங்கல் வரலாறு வேண்டாம், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று போதும். இருவர் இருவராக முதுகோடு முதுகாக உட்காரவையுங்கள். ஒருவர் கையில் முழுக் கோலம், மற்றவர் கையில் வெறும் புள்ளிகள். பார்ப்பவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, மற்றவர் கோடு இழுக்க வேண்டும். அபவ், பிலோ, பிட்வீன், நெக்ஸ்ட் டு எல்லாம் வாயில் வந்தே தீரும். கோலம் கோணலானால் சிரிப்பும் வரும். பெரிய வகுப்பென்றால் சர்க்கரைப் பொங்கல் செய்முறையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். ஹெச்.எம்.மிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள், முந்திரி ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கலாம். சாமி படம், பூஜை எதுவும் வேண்டாம். அறுவடைத் திருநாள் என்றால் நெல் விளையும் நாட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

பாங்காக்கின் சீலோம் பகுதியிலும் வியட்நாமின் ஹோ சி மின் நகரிலும் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில்கள் உண்டு. ஆனால் முதல் வேலை பெரும்பாலும் தொலைவான மாகாண ஊர்களில்தான் கிடைக்கும். கோயிலை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள்.

இனி வீட்டாருக்கு. காலையிலேயே வாழை இலையைப் படமெடுத்து அனுப்பி, "நீ மட்டும்தான் இல்ல" என்று எழுதாதீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் உங்கள் பிள்ளை இரண்டாம் பீரியடுக்குள் நுழைய வேண்டும். நம் மாலை நாலரை தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஆறு மணி, ஸ்கூல் முடிந்து அறைக்கு வந்திருப்பார்கள். அப்போது கூப்பிட்டு அரை மணி நேரம் நன்றாகப் பேசுங்கள். போன் கைமாறிக்கொண்டே இருந்து பெரியப்பா, சித்தி, அத்தை எல்லாரும் "சாப்டியா" மட்டும் கேட்டு வைக்கும் கால் யாருக்கும் உதவாது. அன்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள், அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

சித்திரை முதல் நாளுக்கு ஊருக்கு வருவது தாய்லாந்தில் இருப்பவர்களுக்குச் சுலபம். ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சோங்கிரான் என்னும் புத்தாண்டு, பள்ளிகளுக்கும் ஆண்டு விடுமுறைக் காலம். டிக்கெட் போடும் முன் உங்கள் ஒப்பந்தம் பத்து மாதமா பன்னிரண்டு மாதமா என்று பாருங்கள். பத்து மாதம் என்றால் அந்த விடுமுறைக்குச் சம்பளம் வராது. அதற்கான பணத்தை மார்கழியிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும்.