ஹோமில் சேர்ப்பதற்கு முன்னால்

மே மாதக் கடைசி வந்துவிட்டால் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கமிருந்து எனக்கு ஒரே கோரிக்கைதான் வரும்: "சார், பிள்ளையை ஏதாவது ஒரு ஹோமில் சேர்த்துவிடுங்கள்." கேட்பவர் பெரும்பாலும் பெற்ற தாய். வேலூர் மாவட்டத்தில் குழந்தைகள் நலப் பணியில் நான் கையாண்ட கோப்புகளில், தாய் தகப்பன் இருவரும் இல்லாத பிள்ளைகள் குறைவு. மற்றவர்களை இல்லத்துக்கு அனுப்பியது சாவு அல்ல, வறுமை.

பீடி சுற்றும் ஒரு பெண். கணவர் திருப்பதி மருத்துவமனையில் இறந்துபோனார். உடலை ஊருக்குக் கொண்டுவந்து காரியத்தை முடித்தார்கள்; அந்த நேரத்தில் இறப்புச் சான்றிதழ் யாருக்கு ஞாபகம் வரும்? நான் போனபோது மடியில் முறம். மாலைக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதால் பேச்சின் நடுவிலும் அவர் கை நிற்கவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து முனை மடக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டுக்கு ஹோம் தேவையே இல்லை. பிள்ளை தாயோடு இருந்தபடியே படிக்க, குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் உள்ள நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். கணவரை இழந்தவரின் பிள்ளை, உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளை, கொடிய நோயில் விழுந்தவரின் பிள்ளை ஆகியோருக்கு இது பொருந்தும். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு, மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. ஒருவரை இழந்து, மற்றவர் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் அது உண்டு.

எல்லாம் சான்றிதழில் வந்து முட்டிக்கொள்கிறது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. குடியாத்தத்தில் எத்தனை மனுக் கொடுத்தாலும் பயனில்லை, திருப்பதிக்குத்தான் போக வேண்டும். ஓராண்டுக்கு மேல் பதியாமல் விட்டிருந்தால் நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) ஆணையும் வேண்டும். பிறகு வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு. அலுவலக வரிசையில் நின்ற நாளின் பீடிக் கூலி போனது போனதுதான். "நாளைக்கு வாம்மா" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் இவர்கள் ஹோம் வாசலுக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொடையாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிறந்தநாளுக்குப் பிரியாணி போடுகிறீர்கள், நல்ல மனசு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரே இல்லத்தில் இரண்டு மூன்று அண்டாக்கள் இறங்குவதையும், புதன்கிழமை அங்கே வெறும் ரசச் சோறு பரிமாறப்படுவதையும் பார்க்கிறவன் நான். பிள்ளைகளைத் தட்டோடு நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடுவது இன்னொரு தொல்லை. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையைப் பற்றிய விசாரணைச் செய்தியில் அடையாளம் தெரியக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. மீறினால் சிறைகூட உண்டு. பத்திரிகைக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் உங்கள் கைப்பேசிக்கு மட்டும் எதற்கு விலக்கு?

இல்லத்துக்குத்தான் கொடுப்பேன் என்றால், அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவில் பெற்ற பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு, இது வேறு. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையை எங்கே வைப்பது என்று அந்தச் சட்டப்படி முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு; பிள்ளைகள் அதன் ஆணையோடு வந்தவர்களா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் பணப்பையை மூடிக்கொள்ளலாம்.

உங்கள் தெருவிலேயே இப்படி ஒரு குடும்பம் இருந்தால் திருப்பதி பஸ் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் கொடுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றாலே பாதி அலைச்சல் குறையும். மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். அங்கே தேங்கினால், திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. காட்பாடி ரயில் நிலையத்தில் சிறுவன் ஒருவன் தனியாகத் திரிவதைக் கண்டால், இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும்.