சிங்கத்தைக் கொல்லும் பிடி

2021 டிசம்பர் 11, லாஸ் வேகஸ். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டியான யுஎஃப்சியில், லைட்வெயிட் எடைப் பிரிவின் பட்டத்துக்கான சண்டையில் மூன்றாவது சுற்று தொடங்கி ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. டஸ்டின் பொய்ரியே நின்றுகொண்டிருக்கிறார். அவர் முதுகில், அப்பா முதுகில் உப்புமூட்டை ஏறிய பிள்ளை மாதிரி, பிரேசில்காரர் சார்லஸ் ஒலிவேரா தொங்குகிறார். இரண்டு கால்களும் இடுப்பைச் சுற்றிக் கோத்திருக்கின்றன. வலது கையோ இடது கையோ என்று நாம் பார்த்துச் சொல்வதற்குள் ஒரு கை தாடைக்கு அடியில் நுழைந்துவிட்டது. சில வினாடிகள். பொய்ரியே எதிராளியின் உடம்பில் தட்டுகிறார். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சண்டை முடிந்தது.

முதல் சுற்றில் ஒலிவேராவைக் குத்திக் கீழே சாய்த்தவர் இதே பொய்ரியே. அப்போது அவர் கையில் இருந்த பலம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அப்புறம் ஏன் சில வினாடிகளில் எல்லாம் முடிந்தது? "மூச்சைத் திணறடித்து வென்றார்" என்று செய்திகளில் எழுதுவார்கள். அது தவறு. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் நீருக்கடியில் இருக்க நம்மில் பலரால் முடியும். இந்தப் பிடியில் பத்து வினாடி தாங்குவதே கடினம். இங்கே நிற்பது மூச்சு இல்லை, ரத்தம்.

ஒரு விரலை எடுத்துக் குரல்வளை மேட்டின் பக்கவாட்டில், தாடைக்குக் கொஞ்சம் கீழே மெதுவாக வையுங்கள். ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல். துடிப்பு தெரிகிறதா? அதுதான் கரோட்டிட் தமனி. இதேபோல் மறுபக்கமும் ஒன்று உண்டு. மூளைக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த இரண்டு குழாய்கள் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. இவ்வளவு முக்கியமான குழாய்களுக்கு மேலே எலும்புக் கவசம் எதுவும் இல்லை. இதயத்தை விலா எலும்பு காக்கிறது, மூளையை மண்டையோடு காக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாதைக்குக் கொஞ்சம் தசையும் தோலும்தான் காவல்.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு ரத்தம் அதற்கு வேண்டும். இத்தனை செலவு செய்கிற உறுப்பிடம் சேமிப்பு என்று எதுவுமே இல்லை என்பதுதான் ஆச்சரியம். தசைகள் கொஞ்ச நேரத்துக்கு ஆக்சிஜன் இல்லாமலும் வேலை செய்யும், அதற்கான இருப்பு அவற்றில் உண்டு. மூளை அன்றாடங்காய்ச்சி. அந்தந்த வினாடிக்கு வருவதை அந்தந்த வினாடியே செலவழித்துவிடும்.

மூச்சை அடக்கும்போது நுரையீரலிலும் ரத்தத்திலும் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனை இதயம் தொடர்ந்து மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கிறோம். கழுத்தில் குழாயையே அடைத்துவிட்டால் அந்த மிச்சம் முழுவதும் கீழேயே நின்றுவிடுகிறது. 1943இல் அமெரிக்காவில் ரோசன், கபாட், ஆண்டர்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் கழுத்தைச் சுற்றி ஒரு காற்றுப் பட்டை கட்டி, மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைத் திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள். சோதனைக்கு உட்பட்டவர்கள் 5 முதல் 10 வினாடிக்குள் நினைவிழந்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. ஆனால் மயக்கம் எவ்வளவு சீக்கிரம் வரும் என்ற கேள்விக்கு இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சரி, தமனியை அடைக்க எவ்வளவு பலம் வேண்டும்? மருத்துவர் நம் கையில் பட்டை கட்டி பிரஷர் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் அழுத்தம் தமனிக்குள் இருக்கும் ரத்தத்தின் அழுத்தத்தைத் தாண்டியதும் ஓட்டம் நின்றுவிடுகிறது. 120 என்று அவர் எழுதுகிற எண் அதுதான். அதை எடைக் கணக்கில் மாற்றினால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 160 கிராம் சொச்சம் வைத்து அழுத்துவதற்குச் சமம். சண்டையில் ரத்த அழுத்தம் இதைவிட நிறைய ஏறியிருக்கும், நடுவில் கழுத்துத் தசையும் தடுக்கும். அதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு பயில்வான் தேவையில்லை. தடயவியல் மருத்துவப் பாடநூல்கள் ஒரு பழைய கணக்கைத் தருகின்றன: கழுத்துச் சிரையை அடைக்கச் சுமார் 2 கிலோ, கரோட்டிட் தமனியை அடைக்கச் சுமார் 5 கிலோ, மூச்சுக்குழாயை அடைக்கச் சுமார் 15 கிலோ. மூச்சுக்குழாயைச் சுற்றி குருத்தெலும்பு வளையங்கள் இருப்பதால்தான் அதற்கு இவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது. அதை நசுக்கினால் கடுமையான வலியும் இருமலும் வரும், காயமும் ஆகும். நல்ல பிடி அதைத் தொடவே தொடாது.

பின்னாலிருந்து போடும் பிடியின் அழகே இதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'ரியர் நேக்கட் சோக்' என்று பெயர். ஜூடோவில் 'ஹடாகா-ஜிமே', அதாவது வெறுங்கை நெரிப்பு. எதிராளியின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இறுக்குவதற்குப் பதில் வெறும் கைகளாலேயே போடுவது. பிரேசிலில் இதை 'மாத்தா லெயாவ்' என்கிறார்கள். சிங்கத்தைக் கொல்வது என்று அர்த்தம். ஆயுதம் எதுவும் துளைக்காத தோல் கொண்ட சிங்கத்தை ஹெர்குலிஸ் கழுத்தை நெரித்தே கொன்றான் என்று கிரேக்கக் கதை ஒன்று உண்டு. இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பின்னால் இருப்பவர் ஒரு கையை எதிராளியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவருகிறார். முழங்கையின் மடிப்பு சரியாக எதிராளியின் தாடை நுனிக்குக் கீழே வந்து நிற்க வேண்டும். அப்போது மேல்கைத் தசை கழுத்தின் ஒரு பக்கத்திலும் முன்கை மறுபக்கத்திலும் உட்காருகின்றன. நடுவில், மடிப்புக்குள் இருக்கும் இடைவெளியில் குரல்வளை பத்திரமாக இருக்கிறது. பாக்குவெட்டியின் இரண்டு கைகளுக்கு நடுவே பாக்கு சிக்குவதுபோல இரண்டு தமனிகளும் இரு பக்கத்திலும் சிக்கிக்கொள்கின்றன.

அடுத்தது பூட்டு. கழுத்தைச் சுற்றிய கையின் உள்ளங்கை தன்னுடைய இன்னொரு கையின் புஜத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்த இன்னொரு கை எதிராளியின் பிடரிக்குப் பின்னால் மறைகிறது. இப்போது விரல்களின் பலம் கணக்கிலேயே இல்லை. வியர்வையில் விரல் வழுக்கலாம், ஆனால் இந்தப் பூட்டு சுலபத்தில் கழலாது. கடைசியாக இறுக்குதல். முழங்கைகளைத் தன் பக்கம் இழுத்து, நெஞ்சை விரித்து முன்னால் தள்ளுகிறார். கையை மடக்கும்போது மேல்கைத் தசை குறுகிப் பருக்கிறது இல்லையா, அந்தப் பருமனே தமனியின் மேல் ஆப்பு மாதிரி இறங்குகிறது. கழுத்தைச் சுற்றிய கை கழுத்தை முன்னால் போகாமல் தடுக்கிறது, பிடரியில் இருக்கும் கை தலையை முன்னால் தள்ளுகிறது. கழுத்து நடுவில். அசல் கிடுக்கிப்பிடி.

இதிலிருந்து தப்பிக்கத் தாடையை நெஞ்சோடு ஒட்டிக் கழுத்தை மறைப்பார்கள். நெரிக்க வரும் கையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுப்பார்கள். அந்தச் சில அங்குல இடத்துக்காகத்தான் நிமிடக்கணக்கில் போராட்டம் நடக்கும். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் கட்டிப்பிடித்துக் கிடப்பதுபோலத் தெரிகிற நேரம் அது. ஒலிவேராவுக்கு இயல்பிலேயே நீண்ட கைகால்கள். கால்களால் இடுப்பைப் பூட்டிவிட்டு, கைகள் இரண்டையும் கழுத்துக்கென்று ஒதுக்கிவிடுவார். எதிராளி ஒரு கையைப் பிடித்தால் மற்றது நுழையும்.

தமனி அடைபட்டதும் உள்ளே என்ன நடக்கிறது? முதலில் போவது பெரும்பாலும் பார்வை. கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் இருக்கிறது. அதை மீறித்தான் ரத்தம் விழித்திரைக்குள் நுழைய வேண்டும். ரத்த அழுத்தம் விழும்போது மூளைக்கு முன்பே விழித்திரை பட்டினி கிடக்கிறது. ஓரங்கள் இருண்டு, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகி, சாம்பல் நிறம் படர்கிறது. விமானத்தைச் சட்டென்று வளைத்துத் திருப்பும் போர் விமானிகளுக்கும் இதே அனுபவம்தான். பிறகு நினைவு போகிறது. ஆனால் மூச்சு நிற்பதில்லை. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மேலே ஏறும் வேறு இரண்டு தமனிகள் உண்டு. எலும்புக்குள் இருப்பதால் அவற்றைச் சுலபத்தில் அழுத்த முடியாது. மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டுக்கு அவைதான் ரத்தம் கொண்டுபோகின்றன. அதனால்தான் மயங்கியவர் குறட்டைவிடுவதுபோல மூச்சுவிடுகிறார். பிடியை விட்டதும் பெரும்பாலும் சில வினாடிகளில் கண் திறந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் விழிக்கிறார்.

கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றை அழுத்தினால் அழுத்தம் ஏறிவிட்டது என்று உடல் ஏமாந்து, இதயத்தை மெதுவாக்கும். மயக்கத்துக்கு இதுதான் காரணம் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். அல்ட்ராசவுண்ட் வைத்து மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்த பிந்தைய ஆய்வுகள், தமனி நேரடியாக அடைபடுவதுதான் முக்கியக் காரணம் என்று காட்டுகின்றன.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பிடி சரியாக விழுந்தால் பெரிதாக வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து. கையை முறுக்கினால் வலி வந்து எச்சரிக்கும். இங்கே எச்சரிக்க வேண்டிய மூளையே முதலில் மங்குகிறது. "இன்னும் கொஞ்சம் தாங்கலாம்" என்று நினைத்துக்கொண்டே பலர் மயங்கிப்போகிறார்கள். தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வந்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனாலும் உண்டு. ரத்தம் சில நிமிடங்கள் நின்றாலே மூளைக்கு நிரந்தரச் சேதம் வரும். பயிற்றுநர் இல்லாமல், விளையாட்டுக்காகக்கூட யார் கழுத்திலும் கை போடாதீர்கள். பையன்கள் வீட்டில் செய்துபார்ப்பதைக் கண்டால் உடனே தடுத்துவிடுங்கள்.

பிரேசிலுக்கு இந்தக் கலை ஜப்பானிலிருந்து போனது. மித்சுயோ மயேதா என்ற ஜூடோ வீரர் 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பின்னர் அங்கே கார்லோஸ் கிரேசி என்ற இளைஞர் அவரிடம் கற்றார். அந்தக் குடும்பம் தரையில் கிடந்து போராடும் முறையை வளர்த்தெடுத்தது. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில், ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். இறுதியில் ஜெரார்ட் கோர்தோவை வீழ்த்தியது இதே பின்கழுத்துப் பிடி. 80 கிலோ அளவே இருந்த மனிதர், பெரிய ஆட்களைக் குத்தாமலேயே பணியவைத்தார். தற்காப்புக் கலை உலகம் அன்றைக்கு விழித்துப் பார்த்தது.

யுஎஃப்சியில் ராய்ஸ் ஏதாவதொரு பிடியில் பணியவைத்து வென்ற சண்டைகள் 10. அந்தக் கணக்கைத்தான் ஒலிவேரா 2018 ஜூனில் சமன் செய்தார், செப்டம்பரில் சாவோ பாவ்லோ நகரில் தாண்டினார். அதன் பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

ஒலிவேரா பிறந்தது 1989இல், சாவோ பாவ்லோ மாநிலத்தின் கடலோர ஊரான குவாருஜாவில், ஏழைக் குடியிருப்பு ஒன்றில். ஏழு வயதில் இதயத்தில் முணுமுணுப்பு ஒலி, எலும்பில் வாதம் என்று கண்டறிந்தார்கள். நடக்கவே முடியாமல் போகலாம் என்று மருத்துவர்கள் பயந்தார்கள். விளையாட்டெல்லாம் வேண்டாம் என்றார்கள். அந்தச் சிறுவன்தான் பின்னாளில், கிரேசி குடும்பம் வளர்த்த ஜியு-ஜிட்சு கலையின் பாயில் இறங்கினான். 2010 ஆகஸ்டில் யுஎஃப்சியில் முதல் சண்டை, 41 வினாடியில் வெற்றி.

ஆனால் ஏறுமுகமாகவே போன வாழ்க்கை அல்ல அது. 2016இல் மட்டும் இரண்டு முறை அவர் கழுத்தே மாட்டியது. ஆன்டனி பெட்டிஸும் ரிக்கார்டோ லாமாஸும் முன்னாலிருந்து போடும் கில்லட்டின் பிடியில் அவரைப் பணியவைத்தார்கள். சில முறை எடை வரம்பையும் தவறவிட்டார். 2018 ஜூனில் தொடங்கிய வெற்றி வரிசை 11 சண்டை நீண்டது. 2021 மே மாதம் மைக்கேல் சாண்ட்லரை வீழ்த்தி பட்டத்தைப் பிடித்தபோது, யுஎஃப்சிக்கு வந்து கிட்டத்தட்ட 11 ஆண்டுகள் ஓடியிருந்தன. அடுத்த ஆண்டு மே மாதம் பீனிக்ஸில் எடைத் தட்டு அரை பவுண்டு கூடுதலாகக் காட்டியது. 227 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரின் எடை. பட்டம் பறிபோனது. மறுநாள் ஜஸ்டின் கேத்ஜியை முதல் சுற்றிலேயே அதே பின்கழுத்துப் பிடியில் வென்றும், பெல்ட் அவர் இடுப்புக்கு வரவில்லை. எனக்கு இன்றும் மனசு ஆறாத சண்டை அது.

2022 அக்டோபர் 22, அபுதாபி. காலியாக இருந்த பட்டத்துக்காக இஸ்லாம் மகாச்சேவுடன் மோதினார். இரண்டாவது சுற்றில் மகாச்சேவ் குத்திக் கீழே சாய்த்து, மேலே படர்ந்து, 'ஆர்ம் ட்ரையாங்கிள்' பிடியைப் போட்டார். இதில் ஒலிவேராவின் கையும் அவர் கழுத்தோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறது. ஒரு பக்கத் தமனியை எதிராளியின் மேல்கைத் தசை அழுத்தும், மறுபக்கத் தமனியை மாட்டியவரின் சொந்தத் தோளே அழுத்தும். குழாய்கள் அதே இரண்டு, கணக்கும் அதேதான். எத்தனையோ கழுத்துகளில் அந்த வினாடிகளை எண்ணிப் பழகியவர் ஒலிவேரா. 3 நிமிடம் 16 வினாடியில் அவர் தட்டினார். மகாச்சேவ் கையைத் தளர்த்தினார்.