ஏற்காட்டில் காற்று இருக்கிறது, உங்கள் காத்தாடிக்கு வருகிறதா?

போன வாரம் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மின்சாரம் எடுக்கும் ஒரு கிலோவாட் காத்தாடி, வீட்டு மொட்டை மாடியில் 15 அடிக் குழாய் மேல் நிற்கிறது. சுற்றிலும் அதைவிட உயரமாக சில்வர் ஓக் மரங்கள். "ஆடிக் காத்து ஆளையே தள்ளுது சார், பேட்டரி மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்றார் தோட்டத்துப் பெரியவர். பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தேன். காத்தாடியின் தலை மேற்கே திரும்பும். இறக்கை வேகம் பிடிப்பதற்குள் வால் ஆடித் தெற்கே இழுக்கும். அப்புறம் ஒரு சுற்றுச் சுற்றி வீட்டைப் பார்த்து நிற்கும். இந்த வருடம் நான் பார்க்கும் நான்காவது இடம் இது. விற்றவர் இடத்தை வந்து பார்க்கவே இல்லையாம்.

முகத்தில் அடிப்பதெல்லாம் மின்சாரம் தரும் காற்று இல்லை. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். மரத்தையோ கட்டடத்தையோ தாண்டி வரும் காற்று சுழன்றுகொண்டு வரும். அந்தக் கலக்கம் மரத்தின் உயரத்தைப் போல 20 மடங்கு தூரம் வரை போகும், மேலே இரண்டு மடங்கு உயரம் வரை எழும்பும். அதற்குள் காத்தாடியை வைத்தால் இறக்கையும் பேரிங்கும் தேயும், யூனிட் வராது. சுற்றிலும் 150 மீட்டர் தூரத்துக்குள் எது உயரமோ, அதைவிட 9 மீட்டராவது மேலே இறக்கையின் கீழ்முனை இருக்க வேண்டும். டவருக்குச் செலவாகும்தான். ஆனால் காத்தாடியில் மிச்சம் பிடித்தாவது டவரில் போடுங்கள்.

ஒரு கிலோவாட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் நொடிக்கு 11, 12 மீட்டர் வேகத்துக்கான கணக்கு. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும். 12 மீட்டரில் 1000 வாட் தருவது 6 மீட்டரில் 125 வாட்தான். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல் மட்டத்தைவிடச் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஓடுவதைப் பார்த்துவிட்டு இங்கே அதே கணக்கைப் போடாதீர்கள்.

சரி, விட்டு விட்டு அடிக்கும் காற்றால் பயனே இல்லையா? இருக்கிறது. ஒரே சீராக 5 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றைவிட, 2, 8 என்று மாறி மாறி அடித்து அதே சராசரி 5 வரும் காற்றில் ஆற்றல் இரண்டு மடங்கு. அதைப் பிடிக்க, காற்று ஏறும்போது இறக்கையும் கூடவே வேகம் ஏற வேண்டும். காத்தாடிக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் பெட்டிதான் கன்ட்ரோலர். மலிவான கன்ட்ரோலர் காத்தாடியை நேராக பேட்டரியோடு கட்டிவிடும். பேட்டரியின் வோல்டேஜ் இறக்கையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வந்த காற்று வீணாகும். அந்தந்த நேரத்தில் கிடைக்கும் அதிகபட்ச பவரைத் தேடி எடுக்கும் எம்பிபிடி (MPPT) கன்ட்ரோலர் வாங்குங்கள். அதிலும் சோலாருக்கானது வேண்டாம். அது லோடை, அதாவது இழுக்கும் மின்சாரத்தின் அளவை, கொஞ்சம் மாற்றி, பவர் ஏறியதா இறங்கியதா என்று பார்த்து நகரும். அதற்குள் காற்றே மாறிவிட்டால் குழம்பிவிடும். எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு பவர் எடுப்பது என்று நாமே அட்டவணை போட்டுவைக்கும் வசதி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெரியவர் வீட்டில் இருந்தது சோலார் கன்ட்ரோலர்தான்.

லோடைக் கழற்றிவிட்டு காத்தாடியை ஓட விடாதீர்கள், கட்டுக்கடங்காமல் வேகம் பிடிக்கும். சுற்றும் இறக்கைக்குப் பக்கத்தில் ஏறவே ஏறாதீர்கள்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நீள மூங்கிலிலோ பட்ட நூலிலோ ஆறடிக்கு ஒன்றாக ரிப்பன் கட்டி உயர்த்துங்கள். கீழே உள்ள ரிப்பன்கள் துடித்துச் சுருளும். எந்த உயரத்தில் ரிப்பன் நேராக நீண்டு நிற்கிறதோ, அந்த உயரத்துக்கு டவர் போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பணத்துக்கு சோலார் பேனல் வாங்கிப் போடுங்கள். பெரியவரிடமும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.