தண்ணீர் குடிக்காத உப்பளப் பெண்கள்

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள் கோடையில் என்னிடம் வந்தால் அநேகமாக இதே புகார்கள்தான்: நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, கெண்டைக்கால் பிடிப்பு. நாற்பதைத் தாண்டிய ஒருவரிடம், வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டேன். "குடித்தால் ஒதுங்க எங்கே போவது, டாக்டரம்மா? கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திதானே" என்றார். விடியும் முன்பே அளத்தில் இறங்கி உச்சிப்பொழுது வரை உப்பு வாருகிறவர் அவர். அந்த நேரம் முழுக்க நாக்கை நனைப்பதோடு சரி.

வியர்வையில் உடல்நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. ஒரு நாள் என்றால் அது தேறிவிடும். ஆறேழு மாதப் பருவம் முழுக்க, ஆண்டுக்கு ஆண்டு இப்படி நடந்தால் சிறு காயங்கள் சேர்ந்து தழும்பாகின்றன. வலி இருக்காது. செயல்திறனில் ஏறத்தாழப் பாதி போகும் வரை சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் இருக்கும் அளவுகூட இயல்பாகவே தெரியலாம்.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இத்தகைய ஆய்வுகளில் வெப்பத்தை அளக்கும் முறையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தியில் சொல்லும் காற்றின் வெப்பநிலைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இடம்தான். வெயிலின் நேரடிச் சூட்டுக்கு இரண்டு பங்கு. மீதி ஏழு பங்கும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு. வியர்வை எவ்வளவு எளிதாக உலரும் என்பதை அது காட்டுகிறது. கடற்கரையின் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடல் குளிராது. அதனால்தான் "மதுரையைவிட இங்கே இரண்டு டிகிரி குறைவுதானே" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பூமி சூடேறச் சூடேறக் காற்று தாங்கும் ஈரமும் கூடுகிறது என்பது இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்குகிறது.

எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அங்கே கடும் வெயிலில் செய்யும் உழைப்பே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. இலங்கையின் அனுராதபுரம் பகுதி விவசாயிகளிடமும் இதைப் போன்ற நோய் உண்டு. அங்கே நிலத்தடி நீர், பூச்சிக்கொல்லி ஆகியவற்றின் பங்கு பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது.

இன்னொன்று என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், உடல்நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும். வெயிலில் உழைத்த அன்று தயவுசெய்து அவற்றைப் போடாதீர்கள்.

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. ஆனால் மெல்ல மெல்லக் கெடும் சிறுநீரகம் எந்தப் பேரிடர்க் கணக்கிலும் ஏறுவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிக்கொடுத்த சீட்டில் மருந்து இருந்தது, ரத்தப் பரிசோதனை இருந்தது, "தண்ணீர் நிறைய குடிக்கவும்" என்றும் இருந்தது. அவருக்குத் தேவையானது அளத்து ஓரத்தில் கதவும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை. அதை எழுதிக்கொடுக்க வேண்டியவர்கள் அளத்து உரிமையாளர்களும் தொழிலாளர் துறையும்தான்.