மாரிக் காலையில் பிறேக் ஏன் பிடிக்க மறுக்கிறது?

"விடிய எடுத்தா முதல் பிறேக் பிடிக்குதில்லை. ரெண்டு தரம் அமத்தினாப் பிறகு சரியாப் போகுது." ஐப்பசி பிறந்து காற்று வாடைக்குத் திரும்பியதும் திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் முறைப்பாடு இது. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் தென்படாது. போகிற வழியிலேயே பிறேக் வழமைக்குத் திரும்பியிருக்கும். அதனால் பலர் இதை மனப்பிரமை என்று விட்டுவிடுகிறார்கள். மனப்பிரமை அல்ல. அந்த முதல் ஓரிரு அமத்தலில் பிறேக் உண்மையாகவே பலம் குறைந்துதான் இருக்கிறது.

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதிர்வை உள்வாங்கும், விலையும் குறைவு என்பதால் எத்தனையோ புதிய உலோகங்கள் வந்த பிறகும் சாதாரணக் கார்களில் அதற்கு மாற்று வரவில்லை. அதன் இரு பக்கமும் பேட்கள் எனப்படும் இரண்டு உராய்வுக் கட்டைகள். பெடலை மிதித்தால் பிறேக் ஒயிலின் அழுத்தம், பேட்களைத் தாங்கி நிற்கும் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, பேட்கள் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கின்றன. உலர்ந்த நிலையில் இந்த இரண்டுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் பொதுவாக 0.35 முதல் 0.45 வரை இருக்கும்.

இந்த உராய்வு வெறும் இரும்பில் பேட் தேய்வதால் மட்டும் வருவதில்லை. ஓடி ஓடிப் பழகிய காரில், பேட்டிலிருந்து கழன்ற பொருள் டிஸ்க்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பேட் உண்மையில் பற்றிக்கொள்வது பெரும்பாலும் இந்தப் படலத்தைத்தான். படலம் சீராக இருந்தால் பிடி சீராக இருக்கும். மாரியின் ஈரம் கைவைப்பது இங்கேதான்.

டிஸ்க்கில் ஒரு நீர்ப்படலம் இருந்தால், பேட் முதலில் நீரைத்தான் அமத்துகிறது. நீர் பிதுங்கி வெளியேறும்வரை அது மசகுபோல வேலை செய்யும். பேட் நுண்துளைகள் உள்ள பொருள். இரவு முழுவதும் ஈரத்தில் நின்றால் அதற்குள்ளும் நீர் ஊறியிருக்கும், அமத்தும்போது அதுவும் கசிந்து வரும்.

"மழையே பெய்யவில்லையே, கார் போர்டிகோவுக்குள்தானே நின்றது" என்பார்கள். கடலோரம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ டச்சுக் குடாப் பக்கமோ அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகின்றன. வாடைக் காற்று நேரே கடலிலிருந்து வீசுவது. கூரை மழையைத் தடுக்குமே தவிர அந்தத் துகளைத் தடுக்காது. சாதாரண உப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் சார்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதம் அளவே போதும். வாடைக் காலத்து இரவுகளில் இங்கே ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்பது வழமை. மாரியில் சமையலறை உப்புச் சாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரியம்தான் டிஸ்க்கின் மேலும் நடக்கிறது. ஒரு சொட்டு மழை விழாமலே அது நனைகிறது.

குளிரின் பங்கு இதற்கு அடுத்தது. தை மாதத்து இரவுகளில்கூட இங்கே வெப்பநிலை பெரிதாக இறங்குவதில்லை, 24 பாகை அளவில் நிற்கும். ஆனால் பனி இறங்க அவ்வளவு குளிர் தேவையும் இல்லை. காற்று 26 பாகையிலும் ஈரப்பதம் 90 சதவீதத்திலும் இருந்தால், 24 பாகைக்குக் கிட்ட உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படிய ஆரம்பிக்கும். டிஸ்க் சில கிலோ இரும்பு. இரவில் ஆறிய அந்த இரும்பு, விடிந்தபின் காற்றைப்போல் விரைவாகச் சூடேறாது. வெயில் ஏறும் முன் கடற்காற்று வந்து தொட்டால் இரண்டு பாகை வித்தியாசமே அதை நனைத்துவிடும்.

நீர், உப்பு, ஒட்சிசன், வெறும் இரும்பு. நாலும் சேர்ந்தால் துரு வருவதற்குச் சில மணி நேரம் போதும். மாரிக் காலையில் காரை எடுக்கும் முன் ரிம்மின் இடைவெளியால் ஒரு தடவை பாருங்கள். முதல் நாள் வெள்ளியாய் மினுங்கிய டிஸ்க் செம்மஞ்சள் மா பூசியதுபோல் இருக்கும். விரல் வைத்தால் தூள் ஒட்டும். தெருமுனை வரை ஓட்டி, நாலைந்து தரம் பிறேக் பிடித்துவிட்டு இறங்கி மறுபடி பாருங்கள். பேட் தொடும் பகுதி முழுவதும் பளபளப்பாகியிருக்கும். பேட் எட்டாத வெளி விளிம்பில் மட்டும் பழுப்பு நிறம் நிற்கும். அந்த மெல்லிய துரு ஆபத்தானது அல்ல. ஆனால் அது சுரண்டப்படும்வரை பேட்டுக்கும் படலத்துக்கும் நடுவே தூளாக உருள்கிறது. "கர்ர்" என்ற சத்தம் அதிலிருந்துதான் வருகிறது.

இது எவ்வளவு பெரிய விடயம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் கார், நல்ல பிடி இருந்தால் ஏறக்குறைய 9 மீற்றரில் நிற்கும். பிடி பாதியாகக் குறைந்தால் 18 மீற்றர் தேவைப்படும். கூடுதலான அந்த 9 மீற்றர் இரண்டு கார் நீளம். கோட்டைப் பக்கமும் நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் தம்பாட்டுக்குத் திரிகிற, பிள்ளைகள் குடையோடு பள்ளிக்கூடம் போகிற வேளையில் இரண்டு கார் நீளம் என்பது சின்ன விடயமே அல்ல.

நல்ல காலம், டிஸ்க் விரைவில் தேறும். அதே 40 கிலோமீற்றர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஆறு தடவை அளவில் சுழல்கிறது. மூன்று விநாடி மெதுவாக அமத்தினால் டிஸ்க்கின் ஒவ்வொரு இடமும் ஏறத்தாழ 18 முறை பேட்டின் கீழ் வந்து போய்விடும். நீர் பிதுங்கிப் போகும், துரு சுரண்டப்படும், எழும் சூடு மிச்ச ஈரத்தை ஆவியாக்கும். ஆகவே பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வெறும் வீதியிலேயே இரண்டு மூன்று தரம் இதைச் செய்துவிட்டுச் சந்திக்குப் போங்கள். அதைவிட நல்லது, முதல் நாளே செய்வது. மழையில் ஓடி வந்தாலும் கார் கழுவினாலும், நிறுத்தும் முன் கடைசிச் சில நூறு மீற்றரில் இலேசாகப் பிறேக் பிடித்து டிஸ்க்கைச் சூடாக்கி, உலர்ந்த நிலையில் நிறுத்துங்கள். சில உயர்ரகக் கார்களில் வைப்பர் ஓடும்போது பேட்கள் இடைக்கிடை தாமாகவே டிஸ்க்கைத் தொட்டு ஈரம் துடைக்கும் ஏற்பாடு இருக்கிறது. நம்மிடம் இருப்பவற்றில் அது நம் காலின் வேலை.

ஹைபிரிட் ஓட்டுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கார்களில் வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் செய்கிறது. பேட் டிஸ்க்கைத் தொடும் சந்தர்ப்பம் குறைவு. பேட் நீண்ட காலம் உழைப்பது இதனால்தான், டிஸ்க்கில் துரு நிலைத்துவிடுவதும் இதனால்தான். வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் எந்தக் காருக்கும் இதே நிலைதான். மேலோட்டத் துரு ஆழமான குழிகளாகும், பேட் நின்ற இடத்தில் அதன் வடிவிலேயே ஒரு தழும்பு விழும். பிறகு பிறேக் பிடிக்கும்போதெல்லாம் பெடல் துடிக்கும். அது தேய்ந்து போகாவிட்டால் டிஸ்க்கைக் கடைய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

ட்ரம் பிறேக் எதிர்ப்பக்கமாகவும் நடந்துகொள்ளும். பல சிறிய கார்களின் பின்சக்கரங்களிலும் பெரும்பாலான ஓட்டோக்களிலும் இருப்பது இதுவே. சக்கரத்தோடு சுழலும் ட்ரம்முக்குள் சூ எனப்படும் வளைந்த கட்டைகள் விரிந்து அதை உள்ளிருந்து பிடிக்கும். மூடிய பாத்திரம் என்பதால் உள்ளே போன நீர் வெளியேற நேரம் எடுக்கும். அதோடு, முன்னோக்கிச் சுழலும் ட்ரம் ஒரு பக்கத்துச் சூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும். உராய்வில் சிறு மாற்றம் வந்தாலும் பிடியில் அது பெருகித் தெரிவது இதனால்தான். ஆகவே ஈரக் காலையில் ட்ரம் வழுக்கவும் செய்யும், சட்டென்று கடித்துப் பிடிக்கவும் செய்யும். மழை இரவில் ஹாண்ட் பிறேக்கை இழுத்து வைத்தால் சூ ட்ரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. சம தரையில் நாள்கணக்காக நிறுத்துவதானால் ஹாண்ட் பிறேக்கைத் தளர்த்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் அடை கொடுங்கள்.

இதுவரை சொன்னது பரப்பில் நடப்பது. பெடல் வழமையான இடத்தில்தான் நிற்கும், கார்தான் நிற்க மறுக்கும். சில அமத்தலில் சரியாகிவிடும். பெடலின் உணர்வே மாறியிருந்தால் கதை வேறு.

பெடல் கல்லாய் இறுகி, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்கவில்லை என்றால், காலின் அமத்தலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரைச் சந்தேகிக்கலாம். ரப்பர் சவ்வு ஒன்றின் ஒரு பக்கத்தில் எஞ்சின் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும். பெடலை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து சவ்வைத் தள்ளும். 23 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சவ்வில் இது 250 கிலோ எடைக்கு மேலான தள்ளலாகும். பெற்றோல் எஞ்சின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆனதும் வேகமாகச் சுற்றும். அப்போது காற்று வழி கூடுதலாகத் திறந்திருப்பதால் உறிஞ்சல் குறைவு. அந்த ஒரு நிமிடம் பெடல் சற்று விறைப்பாக இருப்பது இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் விறைப்புப் போகவில்லை என்றால் சோதித்துப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை நாலைந்து தரம் மிதித்து, காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சிறிது கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குழாயோ ஒருவழி வால்வோ சவ்வோ பழுது.

பெடல் மெத்தென்று தரைவரை போனால் அது டிஸ்க்கில் படிந்த ஈரத்தால் வந்த கோளாறு அல்ல. ஒயில் கசிகிறது, அல்லது காற்று நுழைந்திருக்கிறது, அல்லது பெடலின் தள்ளலை ஒயில் அழுத்தமாக்கும் மாஸ்ரர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கிறது. அந்தக் காரை எடுக்கக் கூடாது. பிறேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், கலிப்பர் வழுக்கி நகரும் ஊசிகள் உப்புத் துருவில் இறுகியிருக்கலாம். பேட்களைக் கழற்றினால் உட்பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்து தகடாகியிருக்கும். கடலோரக் கார்களில் சேர்விஸுக்கு ஒருமுறை இந்த ஊசிகளைத் துடைத்து, அதற்குரிய கிறீஸ் பூசச் சொல்லிக் கேளுங்கள். பெரிய செலவில்லை.

பிறேக் ஒயிலையும் ஈரம் விடுவதில்லை. டொட் 3, டொட் 4 வகைகள் காற்றிலிருந்து நீரை மெல்ல உறிஞ்சும் திரவங்கள். தரப்படி புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீத அளவு நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4இல் இது 230இலிருந்து 155. திருகோணமலையின் சமதரை வீதிகளில் பிறேக் அவ்வளவு சூடாவதே இல்லை. அதனால் பழைய ஒயில் வருடக்கணக்கில் குற்றம் காட்டாமல் கிடக்கும். அதே கார் விடுமுறைக்கு நுவரெலியா போய், றம்பொடைப் பக்கமாக இறங்கும்போது ஒயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழி கட்டி, பெடல் காற்றை மிதிப்பதுபோல் இறங்கும். மலைக்குப் புறப்படும் முன் ஒயிலில் உள்ள நீரை அளக்கச் சொல்லுங்கள். மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அளக்காமலே மாற்றிவிடுங்கள். கண்டி வீதி ஏறத் தொடங்கும் மாத்தளையில் அதைப் பற்றி யோசிப்பது பிந்திய யோசனை.